ரெண்டு ஷேடு

சீரியல் ரசிகர் மன்றத் தலைவி செண்பகவல்லி இருபது பேரோடு படப்பிடிப்புக்குள் புகுந்துவிட்டார்.

“சிவத்த பொண்ணுக்குக் கறுப்பைப் பூசிட்டு, கறுப்புக் கதாநாயகின்னு எங்க காதுல பூ சுத்துறீங்களா? நிஜமாவே கறுப்பா இருக்கற பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அதுவரைக்கும் ஒரு சீன் எடுக்க விடமாட்டோம்!”

வாசலில் டிவிக்காரர்கள் அவரைப் பேட்டி எடுக்கக் காத்திருந்தார்கள். டைரக்டருக்கு வியர்த்துக் கொட்டியது. மேக்கப் போடும் தவச்செல்வியிடம் சீறினார்: “பூசினது நீதானே? பத்து நிமிஷத்துல சமாளி. இல்லேன்னா உன் வேலை போச்சு.”

தவச்செல்வி மேக்கப் பெட்டியோடு தலைவியிடம் போனாள். “பேட்டிக்கு முன்னால லேசா டச்சப் பண்ணிடலாம்மா. உங்க நிறத்துக்கே போடட்டுமா?”

தலைவி கண்ணாடியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு ஷேடு வெளுப்பாவே போடும்மா.”

தவச்செல்வி குரலைத் தாழ்த்தவில்லை. “கறுப்பைப் பூசினா தப்பு, வெளுப்பைப் பூசினா சரியாம்மா?”

கூட்டம் தலைவியைத் திரும்பிப் பார்த்தது. டைரக்டர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“நீங்க சிரிக்காதீங்க சார்,” என்றாள் தவச்செல்வி. “நடிக்க வந்த என்னைக் கறுப்புன்னு சொல்லி, இந்தப் பெட்டியைக் கையில கொடுத்தது நீங்கதான்.”