ஏணியின் மேல்முனை

குரு என்றால் காவியும் தாடியும்தான் இருக்க வேண்டுமென்று யார் சொன்னது? தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு குரு இருந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, அதற்கு மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மிதவைச் சட்டை. வெளிக்கடலில் வந்து நிற்கிற கப்பலில் ஏறி, அதைப் பத்திரமாக உள்ளே கொண்டுவந்து சேர்க்கும் பைலட் வேலை அவருக்கு. பெயர் உவைஸ். காயல்பட்டினத்துக்காரர்.

அவரைக் குரு என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, நாலு கப்பலுக்கு முதலாளி. பெயர் கித்தேரியான்.

அன்று மத்தியானம் கித்தேரியான் பைலட் அறைக் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு வந்தார்.

"என் கப்பலை நிறுத்தினது நீங்கதானா சார்?"

உவைஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார். "நான்தான். உட்காரு."

"உட்கார வரல."

"அப்ப நில்லு."

விஷயம் இதுதான். கித்தேரியான் தன் அம்மா பெயரையே வைத்திருந்த கப்பல் 'செசிலியம்மாள்'. உப்பு ஏற்ற வந்து காலையிலிருந்து வெளிக்கடலில் நிற்கிறது. சாயங்காலத்துக்குள் உள்ளே வராவிட்டால் அதற்கு ஒதுக்கிய இடம் அடுத்த கப்பலுக்குப் போய்விடும். இடம் போனால் உப்பு வியாபாரமும் கையை விட்டுப் போய்விடும். காலையில் படகில் போன உவைஸ், கப்பலின் பக்கவாட்டில் தொங்கிய கயிற்று ஏணியை ஒரு பார்வை பார்த்தார். ஏறமாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டார். அவர் ஏறாத ஏணியில் மற்ற பைலட்டுகளும் ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஒரு ஏணிக்காகவா சார்? புது ஏணி நாளைக்கு வாங்கிப் போட்டுடறேன். இன்னிக்கு ஒரு தடவை ஏறிடுங்க."

"மாட்டேன்."

கித்தேரியானுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் மேலிடத்தில் பேசி ஒரு வழி பண்ணியிருப்பார். இந்த மனுஷனா தன் காலை வாரிவிட வேண்டும்?

"நான் யாருன்னு மறந்துட்டீங்களா? கடற்கரை மணல்ல உட்கார்ந்து போற வர்ற கப்பல் பேரையெல்லாம் மனப்பாடம் பண்ணின பய நான். வாத்தியார் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சாரு. நல்லதாப் போச்சு, ஜன்னல் வழியா கப்பல் தெரிஞ்சது. கப்பல்ல பயிற்சிப் பையனா, கேடட்டாப் போய் டெக்கைத் தேய்ச்சேன். கேப்டன் ஆனேன். அந்த உத்தியோகத்தையும் விட்டுட்டு, வீட்டை அடமானம் வச்சு ஒரு ஓட்டைக் கப்பலை வாங்கி நாலு கப்பல் ஆக்கினேன். யாரும் தூக்கி விடல சார். படிப்படியா ஏறினேன்."

"முதப் படி ஞாபகம் இருக்கா?" என்றார் உவைஸ்.

இருக்காதா என்ன. மலேசியாக் கடலில் நின்ற கப்பலில் கேடட்டாகச் சேரப் போன நாள். இதே மாதிரி கயிற்று ஏணி. பாதியில் அலை வந்து கப்பலை ஆட்டிய ஆட்டத்தில் கித்தேரியானுக்குக் கால் உதறி, மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. அப்போது உவைஸ் அந்தக் கப்பலில் சின்ன அதிகாரி, இவரைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். மேலே டெக் விளிம்பில் குப்புறப் படுத்து, ஏணிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கீழே பார்க்காத. என் மூஞ்சியைப் பாரு. கயிறு என் கையில இருக்கு. நான் சொல்றேன், ஏறு" என்றார். கித்தேரியான் ஏறினார். அன்றிலிருந்துதான் உவைஸ் அவருக்குக் குரு.

"இருக்கு. அதனாலதான் வயிறு எரியுது" என்றார் கித்தேரியான். "அன்னிக்கு ஏத்திவிட்ட கை இன்னிக்கு ஏன் சார் இழுத்துப் பிடிக்குது?"

உவைஸ் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "வா, போய்ப் பார்ப்போம்."

இருவரும் படகில் ஏறினார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. செசிலியம்மாள் கிட்டே வரவர, அத்தனை ஆத்திரத்திலும் கித்தேரியானுக்கு நெஞ்சு நிறைந்தது. என் கப்பல் என்று ஒரு தடவை மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அதன் மேல்தள விளிம்பிலிருந்து ஏணி தண்ணீர் வரை தொங்கியது.

"படியெல்லாம் நல்லாத்தானே சார் இருக்கு?"

"ஒரு பக்கமாச் சரிஞ்சு தொங்குது, பாரு. மேல கயிறு என்ன கதியில இருக்கோ. கீழே இருந்து எனக்குத் தெரியல."

"தெரியலன்னா பயப்படணுமா?"

"தெரியாததுக்குத்தான் பயப்படணும்."

அந்த நிதானம்தான் கித்தேரியானுக்குப் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டார். ஏணியைப் பற்றினார்.

"கித்தேரி, வேண்டாம்." உவைஸ் அவர் சட்டையைப் பிடித்தார்.

"விடுங்க சார். பயந்தவங்க படகுல இருங்க."

உதறிவிட்டு ஏறினார். கீழே உவைஸ் படகோட்டியிடம், "தள்ளி எடு. விழுந்தா தண்ணியில விழட்டும், படகு மேல விழ வேண்டாம்" என்று சொன்னது காதில் விழுந்தது. அதைக் கேட்டு இன்னும் வேகமாக ஏறினார். வயசும் தொப்பையும் மூச்சை வாங்கின. ஏணி ஒரு தடவை வெடுக்கென்று இறங்கி நின்றது. அவர் நிற்கவில்லை.

டெக்கில் கால் வைத்ததும் திரும்பி எட்டிப் பார்த்தார்.

"பார்த்தீங்களா சார்? ஒண்ணும் ஆகல."

படகு மறுபடி ஏணியை நெருங்கி வந்துகொண்டிருந்தது.

கித்தேரியான் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அப்போதுதான் காலடியில் கயிறு கண்ணில் பட்டது. டெக்கில் கட்டிய கயிறு கப்பல் விளிம்பில் மடிந்து வெளியே இறங்கும் இடம். வருஷக்கணக்காக இரும்பில் உரசி உரசிக் கருத்துத் தேய்ந்து, பாதிக்கு மேல் அறுந்து கிடந்தது. கருத்த இழைகளுக்கு நடுவே ஒரு கொத்து மட்டும் வெள்ளை வெளேரென்று பிரிந்து நின்றது. அது பழைய அறுப்பு இல்லை. இப்போது அறுந்தது. இவர் பாரத்தில்.

கித்தேரியானுக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கப்பல் கேப்டன் சந்திரமோகன் மேல் பாய்ந்தார்.

"இதைக் கட்டி வச்சு மனுஷனை ஏத்துவீங்களாய்யா?"

"போன துறைமுகத்து பைலட்டும் இதுலதான் சார் ஏறினாரு."

"அந்த ஆளும் ஏறினாரா?"

"சாமி கும்பிட்டுட்டு ஏறினாரு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

சந்திரமோகன் தயங்கினார். பிறகு சொல்லிவிட்டார். "போன வருஷமே சொன்னேன் சார். கயிறு பழசானா கப்பலா முங்கிடும்னு கேட்டீங்க."

கேட்டது கித்தேரியானுக்கு ஞாபகம் இருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்ததும் ஞாபகம் இருந்தது.

சந்திரமோகன் கையிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. அதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "துறைமுகத்துல கேக்குறாங்க சார். பைலட் இப்ப ஏறிட்டா நமக்குத்தான் இடம். இல்லேன்னா அடுத்த கப்பலைக் கூப்பிடறாங்களாம். என்ன சொல்லட்டும்?" என்றார்.

கித்தேரியான் விளிம்புக்குப் போனார். கீழே படகு ஏணியோடு ஒட்டி நின்றது. உவைஸ் முதல் படிக்குக் கீழே நின்று கயிற்றில் கை வைத்திருந்தார். மேலே பார்த்தார்.

"என்ன கித்தேரி, ஏறிட்டயே."

"சார்..."

"கயிறு எப்படி இருக்கு?"

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கப்பல் உள்ளே போகும். உப்பு ஏறும். அம்மா பெயருக்குக் கெட்ட பெயர் வராது. ஏறும்போது தாங்கிய கயிறு இன்னொரு தடவை தாங்கினாலும் தாங்கும்.

"துறைமுகம் காத்துக்கிட்டிருக்கு சார்" என்றார் சந்திரமோகன் பின்னாலிருந்து.

கித்தேரியான் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தேய்ந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

உவைஸ் கீழேயிருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இங்கேயிருந்து கயிறு தெரியல. உன் மூஞ்சிதான் தெரியுது" என்றார். "நீ ஏறுன்னு சொல்லு, ஏறுறேன்."