வித்தியாசமே இல்லாத இரண்டு ஆடுகள்

“அவ ஆடு டவுனு உருண்டை திங்கணும், என் ஆடு காஞ்ச கருவேலங்காயைக் கடிக்கணுமா? இது எந்த ஊரு நியாயம்?”

குருவம்மா இதை ஏழாவது தடவையாக, ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். கால்நடை ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் ஆரோக்கியதாஸும் ஏழாவது தடவையாக விளக்கினார். அவர் கண்டுபிடித்த உருண்டைத் தீவனத்தைப் பஞ்சவர்ணத்தின் ஆடு தின்னும். குருவம்மாவின் ஆடு வழக்கமானதைத் தின்னும். மூன்று மாதம் கழித்து எடை போட்டால் உருண்டையின் லட்சணம் தெரிந்துவிடும்.

“தெரியலேன்னா?” என்று கேட்டார் மாசாணம். சொக்கனேந்தல் ஆட்டுக் கமிட்டியின் தலைவர் அவர். இந்த இரண்டு பெண்களும்தான் மீதிக் கமிட்டி.

“தெரியலேன்னா என் ஆறு வருஷ உழைப்பு போச்சு. என்னைக் காளான் பிரிவுக்கு மாத்திடுவாங்க. எனக்குக் காளான்னாலே குமட்டும். அதனால ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. தீவனத்தைத் தவிர ரெண்டு ஆட்டுக்கும் எந்த வித்தியாசமும் இருக்கக் கூடாது.”

ஜீப் போனதும் கமிட்டி ஆடுகளைப் பார்த்தது. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை.

“ஆரம்பமே கோளாறா இருக்கே,” என்றார் மாசாணம்.

செவலைக்கு அடுப்புக்கரியைக் குழைத்துப் பூசினார்கள். கறுப்புக்குப் பூசாமல் விட்டால் அதுவும் வித்தியாசம்தானே? அதற்கும் பூசினார்கள். காதில் டாக்டர் மாட்டிவிட்ட வில்லைகளில் ஒன்றில் 1, இன்னொன்றில் 2 என்றிருந்தது. “படிச்ச மனுஷன், இதைக் கவனிக்கலையே!” என்று வருத்தப்பட்டு இரண்டையும் கழற்றிப் பரணில் போட்டார்கள்.

அடுத்த தொல்லை குருவம்மாவின் வாய். அவள் தன் ஆட்டை விடிந்ததிலிருந்து திட்டுவாள். பஞ்சவர்ணமோ ‘கண்ணு, தங்கம்’ என்பாள்.

“இது ஆகாது. பஞ்சவர்ணம், நீயும் திட்டு.”

“எனக்குத் திட்ட வராதேண்ணே.”

“நகருடி,” என்று குருவம்மா இரண்டு ஆட்டையும் திட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

ஒரு நாள் ஒரு ஆட்டின் காலில் முள் தைத்தது. கட்டுப் போட்டார்கள். மற்றதுக்கும் போட்டார்கள். ஆனால் அது நொண்டவில்லை. மாசாணம் அதன் முன்னால் அரைநாள் நொண்டிக் காட்டினார். ஆடு கற்றுக்கொள்ளவில்லை. மாசாணத்துக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

தீவனத்தில் மட்டும் யாரும் பிசகவில்லை. தினமும் ஒரு ஆட்டுக்கு உருண்டை, ஒரு ஆட்டுக்குக் கருவேலங்காய். எதற்கு எது? முதலில் வந்து நிற்கும் ஆட்டுக்கு உருண்டை. குருவம்மாவுக்கே தன் ஆடு எதுவென்று தெரியாமல் போனதால் நியாயம் கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

டாக்டர் வரப் பத்து நாள் இருக்கும்போது எதற்கும் எடை போட்டுப் பார்த்தார்கள். ஒன்று இருபது கிலோ. இன்னொன்று பதினேழு.

“மூணு கிலோ வித்தியாசம்!” பஞ்சவர்ணம் அழுதேவிட்டாள். “பாவம் அந்த மனுஷன், காளானுக்குப் போயிடுவாரே!”

“நான் இருக்கேன்ல?” என்றார் மாசாணம். இடுப்பைப் பிடித்துக்கொண்டே கனத்த ஆட்டைக் காலையும் மாலையும் கண்மாயைச் சுற்றி ஓட்டினார். மிச்சமிருந்த உருண்டையெல்லாம் மெலிந்ததற்குப் போயிற்று. பத்தாம் நாள் காலையில் கால் கிலோ இடித்தது. ஒரு வாளித் தண்ணீர் காட்டிச் சரிக்கட்டினார்கள்.

டாக்டர் வந்தார். எடை போட்டார். பத்தொன்பது. மற்றதைப் போட்டார். பத்தொன்பது. தராசைத் தட்டிவிட்டு மறுபடி போட்டார்.

“ஒரு குண்டுமணி வித்தியாசம்கூட இல்லீங்க,” என்று மாசாணம் அவருக்கு மாலை போட்டார்.

“உருண்டை தின்னது எது?”

“ஒண்ணு தின்னுச்சுங்க.”

“அதான் எதுய்யா?”

“அதைச் சொல்ல முடிஞ்சா வித்தியாசம் இருக்குன்னு ஆயிடாதுங்களா?”

டாக்டர் மாலையும் கழுத்துமாக மண்ணில் மண்டியிட்டார். இரண்டு ஆடுகளுக்கும் பொதுவாகக் கைகூப்பினார்.

மாசாணம் பதறிப்போய்ப் பாய்ந்தார். ஒன்று தலையாட்டி இன்னொன்று ஆட்டாமல் நின்றுவிட்டால் மூன்று மாத உழைப்பு என்னாவது? ஆளுக்கொரு கொம்பாக, இரண்டு தலைகளையும் கமிட்டியே கூடி அசையாமல் பிடித்துக்கொண்டது.

“நீங்களாவது சொல்லுங்கம்மா,” என்றார் டாக்டர், ஆடுகளைப் பார்த்து.