களியை உடைத்த காட்டுப்பன்றி

காட்டுக்குள் ஒரு குட்டை. அதன் கரையில் வளையன் என்னும் நண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை!

அப்போது கோடை. குட்டை பாதி வற்றியிருந்தது. மழைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வருஷா வருஷம் இந்தச் சமயத்தில் மிருகங்கள் கூடித் தூர் வாரும். வற்றிய ஓரத்தில் படிந்திருக்கும் வண்டலைப் பறித்துக் கரையில் போடும். வண்டல் போனதும் சாம்பல் நிறத்தில் வழவழவென்று களிமண் தெரியும். அத்தோடு வேலை முடிந்தது. “களி தெரிஞ்சா காலை எடு!” என்பது அங்கே வழிவழியாக வந்த பேச்சு. ஏன் எடுக்க வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அங்கேதான் வந்தது வினை.

இந்த வருஷம் முன்னால் நின்று தூர் வாரியது கோரையன் என்னும் காட்டுப்பன்றி. அதற்கு மூக்கு நீளம். வாய் அதைவிட நீளம்.

“களி வந்தாச்சு! எல்லாரும் மேலே ஏறுங்க!” என்றது நண்டு.

“எதுக்கு ஏறணும்? வேலையே இப்பத்தான் ஆரம்பம்!” என்றது பன்றி. “களிக்குக் கீழேதான் தண்ணி கொட்டிக் கிடக்கு. இந்தக் களி அதை மூடி போட்டு மறைச்சு வெச்சிருக்கு. உடைச்சா பீறிட்டு வரும்!”

“யாருடா சொன்னது உனக்கு?”

“யார் சொல்லணும்? போன கோடையில ஆத்து மணலைத் தோண்டினேன். முழங்கால் ஆழத்துல ஊத்து வந்துச்சு. எல்லாரும் குடிச்சீங்களா இல்லையா?”

“குடிச்சோம், குடிச்சோம்!” என்று மான்கள் தலையாட்டின. மான்களுக்குத் தலையாட்டச் சொல்லியா கொடுக்க வேண்டும்!

நண்டுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கொடுக்கால் அடித்தால் தனக்குத்தான் வலிக்கும் என்று விட்டுவிட்டது.

“அட புத்தி கெட்டவனே! ஆத்துல மணலுக்கு அடியில பாறை இருக்கு. மணல் வழியா இறங்கின தண்ணி பாறையில முட்டி நிக்கும். அதான் தோண்டினதும் கிடைச்சுது. இங்கே களிக்கு அடியில வெறும் மணல். களி தண்ணியை விடாது. மணல் தண்ணியைப் பிடிச்சு வைக்காது. நான் வளை தோண்டுறவன், எனக்குத் தெரியாதா? இது மூடி இல்லடா! பானையோட அடி!”

“கதை விடாதே!”

“கதையா? நேத்து யானைங்க குளிச்சிட்டுப் போன தடத்தைப் பாரு. கரையில களி மேல ஒரு தடம். அந்தப் பக்கம் மணல் மேல ஒரு தடம். ரெண்டுலயும் தண்ணி பீய்ச்சி விளையாடிட்டுத்தான் போச்சுங்க. இப்போ எதுல தண்ணி இருக்கு?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். களியில் பதிந்த தடத்தில் தண்ணீர் தளும்ப நின்றது. மணல் தடம் காய்ந்து கிடந்தது. கண்ணெதிரே இருக்கிறது! இதற்கு மேல் என்ன வேண்டும்?

“நண்டுக்குத் தன் வளை இடிஞ்சிடும்னு பயம். அதான் இந்தக் கூச்சல்” என்றது ஒரு முயல். எல்லாரும் சிரித்தார்கள். பார்த்ததை அப்போதே மறந்தும் போனார்கள்.

குட்டை நடுவிலிருந்து பொட்டம்மா என்னும் விரால் மீன் தலை நீட்டியது. அதைச் சுற்றிச் சிவப்பாகக் குஞ்சுகள் மொய்த்துக்கொண்டிருந்தன.

“கோரையண்ணே, குட்டை வத்தினா நீங்க மலை தாண்டி அருவிக்குப் போவீங்க. என் பிள்ளைங்க எங்கே போகும்? வேண்டாம்ணே!”

“உன் பிள்ளைங்க ஓடியாடி நீந்துற அளவுக்குத் தண்ணி வரும், பாரு தாயி!” என்று பன்றி கோரைப்பல்லைக் களியில் பாய்ச்சியது.

கட்டி கட்டியாகக் களி பறந்தது. பள்ளம் ஆழமானது. கடைசியில் மணல் வந்தது. பொலபொலவென்று வறட்டு மணல்!

“ஈரம்கூட இல்லையே!” என்றது ஒரு மான்.

“இன்னும் கொஞ்சம் பொறு!” என்று பன்றி பள்ளத்தை அகலமாக்கியது. பள்ளத்துக்கும் குட்டைக்கும் நடுவே இருந்த களி வரப்பு பொத்தென்று சரிந்தது. பள்ளத்துக்குள் தண்ணீர் பாய்ந்தது.

“வந்துடுச்சு! தண்ணி வந்துடுச்சு! நான் சொன்னேன்ல!” என்று பன்றி குதித்தது. மான்கள் குதித்தன. முயலும் குதித்தது.

“வரலடா பாவி! போகுது!” என்று நண்டு அலறியது.

பள்ளம் நிரம்பவே இல்லை. மடக் மடக் என்று மணல் குடித்துக்கொண்டே இருந்தது. குட்டை கண்முன்னே இறங்கியது.

“பொட்டம்மா! குட்டை அடியிலயும் யானைத் தடம் இருக்கு. ஆழமான தடமாப் பார்த்துப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போ!” என்றது நண்டு. “டேய் கோரையா, முழிக்காதே! போய் அந்த ஓட்டையில உட்காரு!”

பன்றி ஓட்டையில் உட்கார்ந்தது. மான்கள் களியைச் சுற்றிக் கொட்டி மிதித்தன. ஓட்டை அடைபட்டபோது தண்ணீர் போயேவிட்டது. யானைத் தடங்களில் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பாதிக் குஞ்சுகள்தான் அங்கே வந்து சேர்ந்திருந்தன. மீதி இழுத்த தண்ணீரோடு பள்ளத்துக்குள் போய், களிக்கு அடியில் புதைந்துவிட்டன. விரால் பக்கத்துச் சேற்றில் புரண்டு ஒவ்வொரு தடமாகத் தேடியது.

“தெரியாம செஞ்சுட்டேன்” என்றது பன்றி. அதற்குத் தலை நிமிரவில்லை.

“தெரியாதது தப்பில்லை. தெரிஞ்சவன் காட்டினப்போ பல்லைக் காட்டினியே, அதுதான் தப்பு” என்றது நண்டு. திட்ட இன்னும் நிறைய இருந்தது. விராலைப் பார்த்ததும் நண்டு அதை விட்டுவிட்டு, சேற்றில் இறங்கித் தானும் தேடியது.

மான்கள் தாகத்தோடு மலை தாண்டிப் போயின. பன்றி போகவில்லை. அடைத்த இடத்தில் புதுக் களி போட்டு மிதித்துக்கொண்டே கிடந்தது. பத்தாம் நாள் மழை வந்தது. தண்ணீர் நின்றது. மிஞ்சிய குஞ்சுகளோடு விரால் தடத்தை விட்டு வெளியே வந்தது. பன்றியைப் பார்த்தது, ஒன்றும் பேசாமல் ஆழத்துக்குப் போய்விட்டது. நாலு வசை வாங்கியிருந்தால்கூடப் பன்றிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறு வருஷம் தூர் வாரும்போது ஓர் இளம் முள்ளம்பன்றி, “களி தெரிஞ்சா ஏன் காலை எடுக்கணும்?” என்று கேட்டது. நண்டு வாயைத் திறப்பதற்குள் கோரையன் முந்திக்கொண்டு, அதைக் கரையிலிருந்த யானைத் தடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியது.

அடியில் இருப்பது இன்னதென்று அறியாமல் தோண்டுகிறவன், இருப்பதையும் இழப்பான்.