ராத்திரி நுழையாத வார்டு

தூத்துக்குடியில் டாக்டர் தனுஷ்கோடி கட்டிய ஆஸ்பத்திரியில், தீவிர சிகிச்சை வார்டுக்கு ஜன்னலே கிடையாது. விளக்குகளையும் அணைப்பதில்லை. "ஒரு தூசிகூட உள்ளே வராது" என்று விருந்தாளிகளை அழைத்துவந்து காட்டிப் பெருமையடிப்பார்.

அங்கே படுத்திருந்த மீனவர் சூசை மிக்கேலுக்குப் பல நாளாய் உறக்கம் இல்லை. இரவா பகலா என்று தெரியாமல் மிரண்டுபோய், மூக்கில் செருகிய குழாயைப் பிடுங்கிப் போடுவார். "விடிஞ்சிட்டாம்மா?" என்று ஆயா செல்லக்கனியிடம் ஓயாமல் கேட்பார்.

ஒருநாள் விருந்தாளிகள் கண்ணெதிரிலேயே குழாயைப் பிடுங்கிவிட்டார். டாக்டருக்கு மானம் போனது. செல்லக்கனி மேல் பாய்ந்தார்.

"இன்னைக்கு இவரை நீ தூங்க வைக்கணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"வச்சிருதேன் ஐயா. ஒரு ராத்திரி மட்டும் கொண்டாரச் சொல்லுங்க."

"ராத்திரியைக் கொண்டாரதா? அது தானா வரும்!"

"ஊருக்கெல்லாம் வருது ஐயா. இங்க நுழைய அதுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லையே."

விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள். "உங்க அறையில கடலைப் பார்த்து ஜன்னல் இருக்கே, டாக்டர்?" என்றார் ஒருவர். மறுவாரமே சுவரை இடிக்க ஆள் வந்தது.

ஆனால் அதற்கு முந்தின நாளே சூசை மிக்கேல் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசியாகவும் விடிந்துவிட்டதா என்றுதான் கேட்டார்.

புது ஜன்னலருகே முதலில் படுத்தவர், "வெயிலுக்குக் கண்ணு கூசுது, திரையை இழுத்து விடும்மா" என்றார். செல்லக்கனி இழுத்துவிட்டாள். ஜன்னல் இல்லை என்று சொல்லத் தன் வாயை முதல் நாளே திறந்திருக்கலாமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.