குளவி தன் கூட்டைச் சுடாதது ஏன்

குளவிக்கும் வாய்ப்பேச்சு இருந்த காலம் அது. எறும்பு வழக்கு வைக்கும், பல்லி சாட்சி சொல்லும், மனிதர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்க நேரமில்லாதபோது மட்டும் "சரி சரி" என்று தலையை ஆட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் மட்டும் இன்றைக்கும் போகவில்லை.

கண்மாய்க்குப் பக்கத்தில் ஒரு குயவர் வீடு. புருஷன் சோணை, பெண்டாட்டி வீராயி. சோணையின் அக்காள் மூக்கம்மாளும் அந்த வீட்டில்தான் இருந்தாள். கட்டிக்கொடுத்த ஊர் ஒத்துவரவில்லை என்று திரும்பி வந்தவள். அவள் வாய் இரண்டு ஊருக்கும் காணும்.

வாரத்தில் ஐந்து நாள் சக்கரம் சுற்றும். வெள்ளியும் சனியும் சக்கரத்துக்கு ஓய்வு. சோணை கண்மாய்க்குள் இறங்கி மண் பார்க்கப் போய்விடுவான், அல்லது வேப்பமரத்தடியில் தூங்குவான். பெண்களுக்கு அந்த இரண்டு நாளும் வீட்டு வேலை. அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து ஆட்டுவார்கள். கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைப்பார்கள். ஏழு குழி மண்சட்டியை அடுப்பில் ஏற்றிப் பணியாரம் சுடுவார்கள்.

வீராயிக்கு அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. கைக்குள் அடங்கும் சின்னச் சின்னச் சட்டி, பானை, அடுப்பு, குடம் என்று பிள்ளைகள் விளையாடும் செப்புச் சாமான் செய்வாள். எதற்கும் சக்கரம் வேண்டாம். உருட்டி, கட்டைவிரலால் குழித்து, விளிம்பை ஈர விரலால் தடவி விட்டால் போதும். பலகையில் வரிசையாக நிழலில் உலர்த்தி, பணியாரம் வேகும் அடுப்பிலேயே தணலை ஒதுக்கி, ஓடு கவிழ்த்து, வரட்டி அடுக்கிச் சுட்டெடுப்பாள். மேலே பணியாரம், பக்கத்தில் செப்பு. ஒரே தீ.

அந்த வருஷம் சித்திரை பிறந்தபோது அவளுக்கு ஆறாம் மாதம். கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு வந்த பிள்ளை.

"இன்னும் மண்ணே மிதிக்கலை, அதுக்குள்ள அதுக்கு அடுப்பும் குடமும்" என்பாள் மூக்கம்மாள். "பெறக்கிறது ஆம்பளைப் பிள்ளைன்னா என்ன செய்வே?"

"அவனும் சோறு தின்னத்தானே போறான் மதினி? ஆக்கக் கத்துக்கட்டும்."

ஒரு வெள்ளிக்கிழமை காலையில், பலகை ஓரத்தில் ஒரு குளவி வந்து உட்கார்ந்தது. வீராயி விரட்டவில்லை. அதுவும் போகவில்லை. அவள் மண்ணை உருட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னத்தா, பணியாரம் வேணுமா?"

"வேண்டாம்க்கா. இந்த வேலை வேணும்" என்றது குளவி.

அன்றைக்கெல்லாம் குளவிக்குக் கூடு கட்டத் தெரியாது. கிடைத்த ஓட்டையில் முட்டையிட்டுவிட்டுக் காவல் இருக்கும். முதல் முட்டையை ஆமணக்குத் தண்டுக்குள் இட்டது. எறும்பு தின்றது. இரண்டாவதை மரப்பொந்தில் வைத்தது. அதையும் எறும்பு தின்றது. மூன்றாவதைத் தரையில் துளைபோட்டு வைத்து, தீனி தேடிவர அரை நாழிகை அந்தப் பக்கம் போயிருக்கிறது. திரும்பி வந்தபோது எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

"நான் கேட்டேன், என்னத்தைத் தூக்கிட்டுப் போறீங்கன்னு. 'உனக்கெதுக்கு'ன்னுச்சு ஒண்ணு" என்றது குளவி. "இன்னும் ஒரு முட்டை இருக்கு வயித்துல. இந்தக் கோடைக்கு அவ்வளவுதான். அதுக்கு ஒரு வீடு வேணும், எறும்பு நுழைய முடியாத வீடு."

வீராயி அதன் முகத்தைப் பார்த்தாள். குளவி முகத்தில் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் பார்த்தாள். பிறகு ஒரு கடுகளவு மண்ணைக் கிள்ளி அதன் முன்னால் வைத்தாள்.

குளவி சீக்கிரம் கற்றுக்கொண்டது. கையில்லாத குறைக்கு வாயிருந்தது. எச்சிலால் குழைத்து, உருண்டை பிடித்து, வளையம் வளையமாக ஏற்றியது. முதல் பானை சாய்ந்து விழுந்தது. இரண்டாவது உலரும்போது வெடித்தது.

"வெயில்ல வைக்காதே. சித்திரை வெயிலு பச்சைப் பானையைப் பொளந்துரும்" என்று சொல்லிக் கொடுத்தாள் வீராயி.

"உலர்ந்தா போதுமாக்கா?"

"உலர்ந்தா மண்ணுதான். ஒரு மழைக்குத் தாங்காது. சூளைக்குப் போய் வந்தாத்தான் பானை."

"சூளைன்னா? சூல்தானே, உங்களுக்கு இருக்கிற மாதிரி?"

வீராயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏ மதினி, இது கேட்குறதைக் கேளுங்களேன்!" என்றாள். பிறகு குளவியிடம், "ஆமாத்தா, சூல்தான்னு வச்சுக்க. உள்ள போகும்போது பச்சை மண்ணு. வெளிய வரும்போது முழுசா வரும். உள்ள இருக்கிறது எதுவானாலும் சூளைதான் முழுசாக்கும்" என்றாள்.

அது அந்த வீட்டுப் பேச்சு. சுடாத பானையையும் பச்சை மண்ணு என்பார்கள், பிறந்த பிள்ளையையும் பச்சை மண்ணு என்பார்கள். சூளை பிரிக்கிற அன்று, "எத்தனை பிள்ளை தேறுச்சு?" என்றுதான் சோணை கேட்பான். பானையைத்தான் கேட்கிறான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குளவிக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் முழுக்கக் குளவி அந்தப் பலகையிலேயே கிடந்து வேலை செய்தது. கட்டைவிரல் அளவில் ஒரு பானை. வயிறு உருண்டு, கழுத்து ஒடுங்கி, விளிம்பு வெளியே மலர்ந்து அத்தனை லட்சணமாக வந்தது. சோணையே குனிந்து பார்த்துவிட்டு, "என் கையிலகூட இந்தக் கழுத்து வராது" என்றான். மூக்கம்மாள், "அப்ப அதையே வேலைக்கு வச்சுக்க. சோறு போட வேண்டாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை யாரும் பார்க்காத நேரத்தில் குளவி அதற்குள் முட்டையிட்டது. நான்கு பச்சைப்புழுக்களைத் தீனியாக உள்ளே வைத்தது. வாயை மண்ணால் அடைத்தது.

சனிக்கிழமை காலை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வீராயி செப்புகளை ஒவ்வொன்றாகத் தணலில் அடுக்கினாள். குளவி வந்து, "அக்கா, என்னோடது முடிஞ்சது. சூளையில வச்சிருங்க" என்றது.

வீராயி அந்தப் பானையை எடுத்தாள். கனத்தது. வாய் அடைத்திருந்தது. வாய் மூடிய பானையைத் தீயில் வைக்கக் கூடாது என்பது குயவர் வீட்டில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தாள்.

"ஏத்தா, மாவு புளிச்சுப் பொங்குது! அங்க என்ன பூச்சியோட சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கியா?" என்று அடுப்படியின் மறுபக்கமிருந்து மூக்கம்மாள் கத்தினாள்.

'சின்னதுதானே, நன்றாகக் காய்ந்திருக்கிறது, வெடிக்காது' என்று வீராயி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பானையைத் தணலில் வைத்தாள். ஓட்டைக் கவிழ்த்தாள். மாவைக் கலக்கப் போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஒரு கேள்வி கேட்கிற நேரம்.

அன்று பணியாரம் நன்றாக வந்தது. அடி சிவந்து, நடு மெத்தென்று. சோணை பதினான்கு தின்றான். தணல் ஆறியபின் வீராயி சாம்பலை விலக்கிச் செப்புகளை எடுத்தாள். குளவியின் பானை வெடிக்கவில்லை. செக்கச் சிவந்திருந்தது. நகத்தால் தட்டினாள். கணீரென்றது.

குளவி அதன்மேல் உட்கார்ந்து சுற்றிச் சுற்றி வந்தது. கடித்துப் பார்த்தது. "பல்லு இறங்கலைக்கா! எறும்பு வரட்டும், பல்லு உடைஞ்சு போகட்டும்" என்றது. பிறகு குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடக் கூடாது. உள்ள பிள்ளை கெடக்கு" என்றது.

வீராயியின் கை சாம்பலில் அப்படியே நின்றது.

பிள்ளை தீயில் வெந்துபோனதை அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, அடுத்த நாளும் சொல்லவில்லை. குளவி பானையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது. அவ்வப்போது உள்ளே ஏதாவது அசைகிறதா என்று மூடியில் தலையை வைத்துக் கேட்டது. வீராயி அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள். தண்ணீர் எடுக்கக்கூடப் பின்வாசல் வழியாகப் போனாள்.

மூக்கம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. "வாயை மூடிக்கிட்டு இரு. பூச்சிதானே, நாலு நாள்ல மறந்துட்டுப் போயிரும்" என்றாள். "நீ போய்ச் சொன்னேன்னு வையி, கொட்டிரும். வயித்துப் பிள்ளைக்காரியைக் குளவி கொட்டுனா என்னாகும்னு தெரியுமில்ல? எட்டு வருஷம் கழிச்சு வந்தது, புத்தியோட இரு."

சோணை, "அக்கா சொல்றது சரிதான்" என்றான். அவனுக்கு எப்போதும் அக்கா சொல்வது சரிதான். ஆனால் அன்று அவன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தான்.

அடுத்த சனிக்கிழமையும் மாவு ஆட்டினார்கள், அடுப்பு மூட்டினார்கள். வீராயி செப்பு செய்ய உட்காரவில்லை. குளவிதான் அவளைத் தேடி வந்தது. இளைத்திருந்தது. இடுப்பு நூலாக ஒட்டிப்போயிருந்தது.

"அக்கா, இன்னும் வரலையே. உள்ள இருக்கிறதைச் சூளை முழுசாக்கும்னு சொன்னீங்களே, எத்தனை நாளாகும்?"

மூக்கம்மாள் கரண்டியோடு நின்று தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. வீராயி அதைப் பார்த்தாள். பிறகு நடந்துபோய்ப் பலகை முன்னால் உட்கார்ந்தாள்.

"வராதுத்தா" என்றாள். "நான் பானையைச் சொன்னேன். நீ பிள்ளைன்னு நெனைச்சுட்டே. எடுக்கும்போதே கனமா இருந்துச்சு. என்னன்னு கேட்கணும்னு தோணுச்சு. கேட்காம வச்சேன்."

வீராயி ஒரு கல்லை எடுத்துப் பானையைத் தட்டினாள். நல்ல சூடு ஏறிய மண், இரண்டு தட்டுக்கு அசையவில்லை. மூன்றாவது தட்டில் உடைந்தது. உள்ளே ஒரு சிட்டிகை கறுப்பு. அடுப்படிக் காற்றில் அதுவும் பறந்துபோனது.

குளவி பறந்து வந்து வீராயியின் வயிற்றில் உட்கார்ந்தது.

மூக்கம்மாள் "ஐயோ" என்றாள். கரண்டி கீழே விழுந்தது. சோணை வாசலில் நின்றவன் நின்றபடி நின்றான். யாரும் கிட்டே வர முடியாது, வந்தால் அது கொட்டிவிடும். வீராயி இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டாள். தட்டிவிடவில்லை.

"இதையும் சூளையில வைப்பீங்களாக்கா?" என்றது குளவி.

வீராயிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

குளவியின் வால் வளைந்தது. கொடுக்கு சேலையைத் தொட்டது. அந்நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஓர் உதை. சேலை மேடிட்டு இறங்கியது. குளவி தடுமாறி ஓரடி நகர்ந்தது. அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தது. மறுபடியும் ஓர் உதை.

"உங்க சுவரு மெத்துன்னு இருக்கு. இது எப்படியும் வெளிய வந்துரும்" என்றது. "என்னோடது உசிரோட இருந்திருந்தாலும் அந்தச் சுவரை உடைச்சிருக்காது. உறுதியா வேணும் உறுதியா வேணும்னு அலைஞ்சேனேக்கா."

கொடுக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. அதுதான் குளவி மனிதரிடம் பேசிய கடைசிப் பேச்சு. பிறகு அது எத்தனையோ தடவை வீராயியின் காதருகே வந்து ரீங்கரித்திருக்கிறது. ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ஆனி மாதம் முதல் மழை பெய்தபின், மூக்கம்மாள் ஒட்டடை அடிக்கும்போது பார்த்தாள். உள்ளறையில், அடுப்புக்கு எட்டாத மூலையில், விட்டத்தில் வெறும் மண்ணால் ஒரு கூடு. வாய் அடைத்திருந்தது. இனி முட்டை இல்லை என்று சொன்ன குளவிக்கு எங்கிருந்தோ ஒன்று மிஞ்சியிருந்திருக்கிறது.

"திரும்பவும் நம்ம வீட்டுலேயேவா?" என்று மூக்கம்மாள் விளக்குமாற்றை ஓங்கினாள்.

நிறைமாதக்காரி வீராயி எப்படி எழுந்தாள், எப்படி வந்தாள் என்று தெரியாது. விளக்குமாற்றின் அடியைப் பிடித்துக்கொண்டாள். "கலைக்காதீங்க மதினி. வீட்டுல பிள்ளை பெறக்கப் போகுது."

"எந்தப் பிள்ளையைச் சொல்றே? உன் பிள்ளையையா, அது பிள்ளையையா?"

வீராயி விளக்குமாற்றை விடவில்லை. மூக்கம்மாள்தான் கடைசியில் கையை விட்டாள்.

குளவி மண்ணைச் சுடாமல் கட்டுவது அந்தக் கோடைக்குப் பிறகுதான். உள்ளே இருப்பது தானே உடைத்துக்கொண்டு வர வேண்டும் என்பதால். சுவரிலோ கதவு மூலையிலோ குளவி கூடு வைத்தால், "வீட்டில் பிள்ளை பிறக்கும், கலைக்காதே" என்று சொல்வதும் அப்போதிருந்துதான். யார் பிள்ளை என்று மூக்கம்மாளுக்குப் பிறகு யாரும் கேட்டதில்லை.