ஏரிப்பக்கம் ஒரு ஜன்னல்

முதலில் விசில். அதன் பின்னாலேயே தரைக்கு அடியிலிருந்து 'கர்ர்க்' என்று ஒரு முனகல். அப்புறம் மௌனம்.

சுவருக்கு அடியில் தோண்டிய பள்ளத்தில் குந்தியிருந்த பரஞ்சோதி, ஜாக்கிக் கம்பியை விட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். வீடு ஒரு நெல் கனம் மேலே ஏறியிருந்தது. வெள்ளம் ஏறாதபடி வீட்டையே தூக்கி நிறுத்துகிற வேலை. சுற்றிலும் அறுபது ஜாக்கி, பள்ளத்தில் வரிசையாக ஆட்கள். ஒரு விசிலுக்குக் கால் சுற்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

விசில், மேஸ்திரி செல்லக்கிளியின் வாயில். அவளுக்கு முப்பத்தைந்து. அவளிடம் தொழில் கற்க வந்த பரஞ்சோதிக்கு ஐம்பத்து மூன்று. இதே ஏரிக்கரையில் இருந்த தன் வீட்டை, இரண்டு வெள்ளம் பார்த்ததும் விற்றுவிட்டு ஓடியவர்.

வீட்டுக்காரி ரெஜினா மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "மேஸ்திரி! தூக்கி முடிச்சதும் சமையலறையை இந்தப் பக்கம் மாத்தணும். ஜன்னல் ஏரியைப் பாத்து இருக்கணும்."

பரஞ்சோதிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "முங்கடிச்ச ஏரியையா பாக்கணும்?"

"அது என்னைப் பாக்கட்டும்யா. ரெண்டு தரம் என் அடுப்பை அணைச்சுதுல்ல? இனி அது பாக்கப் பாக்கத் தோசை ஊத்துறேன்."

பள்ளமெல்லாம் சிரித்தது. பரஞ்சோதி சிரிக்கவில்லை.

"மேஸ்திரியம்மா, போன வெள்ளம் மூணடி. நாம நாலடி தூக்குறோம். அடுத்தது அஞ்சடி வந்தா?"

"கம்பியைப் பிடிங்கண்ணே."

மத்தியானம் ஏரிக்கு மேலே இடி உருண்டது. பரஞ்சோதி பள்ளத்திலிருந்து எட்டி வானத்தைப் பார்த்தார். அடுத்த விசிலுக்குக் கால் சுற்றோடு கை நிற்கவில்லை. முழுச் சுற்றும் சுற்றிவிட்டது.

மேலே 'டப்' என்றது. வாசல் நிலைக்கு மேல் மயிரிழையாக ஒரு கீறல் ஓடியது.

செல்லக்கிளி பள்ளத்தில் குதித்தாள். "யாரு?"

"நான்தான். மழை வர்றதுக்குள்ள இன்னும் கொஞ்சம் ஏறட்டும்னு..."

"உங்க மூலை மட்டும் ஏறினாப் போதுமா?"

ரெஜினா ஓடி வந்து கீறலைத் தடவிப் பார்த்தாள். "போச்சா மேஸ்திரி? வித்துட்டு வா, வித்துட்டு வான்னு எங்கண்ணன் உயிரை எடுக்கறான். சுவரு போச்சுன்னா அவன் சொன்னதுதான் நடக்கும்."

"போகலைக்கா." செல்லக்கிளி பரஞ்சோதியைப் பார்த்தாள். "முக்கால் சுற்று இறக்குங்க. நீங்களே."

பரஞ்சோதி இறக்கினார். கீறல் உதடு மூடியது.

"வேற ஆளைப் போடுங்கம்மா," என்றார்.

"கம்பியைப் பிடிங்கண்ணே."

பத்தாம் நாள் நாலடி முடிந்தது. புதுச் செங்கல் கட்டு வீட்டைத் தாங்கிக்கொண்டது. சேறும் துருவுமாக ஜாக்கிகளை வெளியே குவித்தார்கள். தூறல் தொடங்கியிருந்தது. உள்ளே ரெஜினா, ஏரிப்பக்கச் சுவரில் சாக்பீஸால் ஜன்னல் வரைந்துகொண்டிருந்தாள்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை," என்றார் பரஞ்சோதி. "அஞ்சடி வந்தா?"

செல்லக்கிளி ஏரியை ஒருதரம் பார்த்தாள். எண்ணெய் டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அடுத்த தரம் தூக்கறப்ப ஜாக்கி துருப்பிடிச்சிருக்கக் கூடாதுண்ணே."

பரஞ்சோதி குந்தி உட்கார்ந்து, ஒரு ஜாக்கியை இழுத்துச் சேற்றை வழித்துவிட்டு, திருகு மரையில் எண்ணெய் விட்டார்.