சோடை வத்தல்

சென்னை சாலிகிராமத்தில் மூன்றாவது மாடியில் ஓர் அறை. சுவர் சாம்பல் நிறம், தரை சாம்பல் நிறம், நாற்காலி, மேசை, திரைச்சீலை எல்லாமே சாம்பல். எடுத்து முடித்த சினிமாவுக்கு நிறத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை அங்கே நடக்கிறது. வேறு நிறம் எதுவும் பக்கத்தில் இருந்து கண்ணை ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. முதல் முறை வருகிறவர்கள் மட்டும், வெள்ளையடிக்க ஆள் கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த அறையின் குரு ரஹீமா. வயது முப்பத்தாறு. சீடர் குமரய்யாவுக்கு நாற்பத்தொன்பது. குருவைவிட மூத்த சீடர் என்பதில் இருவருக்குமே கூச்சம் இல்லை. அவர் "வாத்தியாரம்மா" என்பார், இவர் "அண்ணே" என்பார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

குமரய்யா முதுகுளத்தூரில் இருபது வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவர். அவர் கைவசம் ஒரு பொன்னிறம் இருந்தது. கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் மணமகளும் பந்தலும் பந்தியில் ஊற்றும் சாம்பாரும் சேர்ந்து மினுங்கும். காதுகுத்துக்கும் அதையே போட்டார், கடை திறப்புக்கும் அதையே போட்டார். ஒருமுறை பதினாறாம் நாள் காரியத்துக்கும் அதையே போட்டுவிட, இறந்தவரின் தம்பி வந்து சட்டையைப் பிடித்துவிட்டார். அப்போதுதான் மனிதருக்கு உறைத்தது. தொழிலை முறையாகக் கற்றுக்கொள்ளச் சென்னைக்குப் பஸ் ஏறினார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு முழுப் படம் அவர் கைக்கு வந்தது. இயக்குநர் இளம்பரிதிக்கும் அது முதல் படம். ராமநாதபுரம் பக்கத்தில் மிளகாய் பயிர் போடுகிற ஒருத்தியின் கதை. அவள் களத்தில் வத்தலைக் காயவைக்கிறாள். நிறம் வெளுத்த சோடையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறாள். நல்ல வத்தலை மட்டும் மூட்டை கட்டி வியாபாரியின் கிடங்குக்குக் கொண்டுபோகிறாள். அவன் ஒரு கை அள்ளிப் பார்த்து, "அம்புட்டும் சோடை" என்று மூட்டையைக் காலால் தள்ளிவிடுகிறான். கதையே அங்கிருந்துதான்.

"தெக்கத்திப் படம்ணே," என்று சொல்லியிருந்தார் இளம்பரிதி. "வெயில் அடிக்கணும், புழுதி பறக்கணும். எல்லாரும் போடுற அந்தப் பழுப்பைப் போட்டுருங்க. வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன். பிடிச்சிருந்தா டைட்டில்ல உங்க பேரு. இல்லேன்னா வேற ஆள்கிட்ட குடுத்துருவேன், கோவிச்சுக்கக் கூடாது."

குமரய்யாவின் மனைவி அந்தப் பேர் விஷயத்தை அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இனிமேல் பேர் வராமல் ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது.

புதன்கிழமைக்குள் பழுப்பு தயார். வானம், கருவேலம், ஆட்டுக்குட்டி, கதாநாயகி எல்லாம் ஒரே பழுப்பு. பார்க்க அசல் சினிமா மாதிரியே இருந்தது. ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் ஏதோ அரித்தது.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"இந்தப் பழுப்பு, ராத்திரிக் காட்சிக்குப் போடுற நீலம், கல்யாண வீட்டுப் பொன்னிறம்... இதெல்லாம் அளவுக்கு மிஞ்சிப்போச்சுன்னு சொல்றாங்க. போடாட்டா சினிமா மாதிரியே இல்லைங்கிறாங்க. எது நெசம்? போடலாமா, கூடாதா?"

"உங்க ஊரு என்ன நிறம்?"

குமரய்யா யோசித்தார். "படத்துலயா, நேர்லயா?"

ரஹீமா சிரித்துவிட்டு எழுந்து போனார். 

மறுநாள் காலையில் வரும்போது அவர் கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்ததை ஒரு தட்டில் கொட்டினார். உருண்டையான முண்டு மிளகாய் வத்தல். நல்லதும் சோடையும் வேண்டுமென்றே கலந்தது. அறை விளக்கை அணைத்தார். மேசை விளக்கின் மேல் பழுப்புக் கண்ணாடித்தாளை இரண்டு சுற்றுச் சுற்றி, தட்டுக்கு நேரே திருப்பினார்.

"சோடையைத் தனியா எடுங்கண்ணே."

"இதென்ன பெரிய வேலையா? எங்க களத்துல நான் பொறுக்காத வத்தலா?"

குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தட்டை இப்படியும் அப்படியும் திருப்பினார். சிவப்பும் வெளுப்பும் ஒன்றாகத்தான் தெரிந்தன. மூன்றாவது வத்தலிலேயே தப்புப் பண்ணினார்.

ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்து விரலால் உருட்டி, காதருகே ஆட்டிப் பார்த்தார். நல்லது உள்ளே விதை குலுங்கிச் சத்தம் போட்டது. சோடை கையில் காற்றாக இருந்தது. ஐந்தே நிமிஷத்தில் இரண்டு குவியல் போட்டுவிட்டு நிமிர்ந்தார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

ரஹீமா கண்ணாடித்தாளைப் பிரித்தார். ஒன்றில்கூடத் தப்பில்லை.

"பிரமாதம்ணே. ஏன் கண்ணை மூடிட்டீங்க?"

"இந்த வெளிச்சத்துல கண்ணு எதுக்கு வாத்தியாரம்மா? கைதான் வேணும்."

"ஓஹோ. தியேட்டருக்கு வர்றவங்க கையில ஆளுக்கொரு வத்தல் குடுத்துருவீங்களா?"

 குமரய்யா மெல்லத் திரும்பித் தன் நாற்காலியில் உட்கார்ந்து, களத்துக் காட்சியை ஓடவிட்டார். கதாநாயகி குனிந்து பழுப்பிலிருந்து பழுப்பைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். என்ன செய்கிறாள் என்று படைத்தவனுக்கே தெரியாது. அவருக்கு வெட்கமாகிவிட்டது.

பழுப்பை எடுத்தார். களம் நிறையச் சிவப்பு வந்தது. அதன் நடுவே வெளுத்த சோடை ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. அவள் விரல் நேரே அதற்குத்தான் போனது.

"அப்ப இந்தப் பழுப்பை மொத்தமாத் தூக்கி எறிஞ்சிரட்டுமா?"

"கிடங்குல என்ன பல்பு?"

படத்தை ஓட்டிப் பார்த்தார். "மஞ்சப் பல்பு. தூசி படிஞ்சிருக்கு."

"அங்க அவளுக்கு என்ன தெரியுது?"

குமரய்யா கிடங்குக் காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். ரஹீமா காத்திருக்கவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இளம்பரிதி வந்தார். விளக்கு அணைந்தது. ஐந்து நிமிஷம் பொறுத்தார்.

"அண்ணே, பழுப்பு எங்க?"

"வரும் தம்பி."

"இவ்வளவு பச்சையா இருக்கே?"

"மழை பெஞ்சு ரெண்டு நாள் கழிச்சு எடுத்திருக்கீங்க தம்பி. நீங்க எடுத்த பச்சைதான்."

இளம்பரிதி கையைக் கட்டிக்கொண்டார்.  குமரய்யாவுக்கு மனைவி முகமும், அவர் பின்னால் வரிசையாகத் தெருக்காரர்கள் முகமும் வந்து போயின. பின்னால் உட்கார்ந்திருந்த குருவைத் திரும்பிப் பார்த்தார். குரு திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

களம் வந்தது. அவள் சோடையை எறிந்தாள், எறிந்தாள், கடைசி ஒன்றையும் தேடி எறிந்தாள். மூட்டை கட்டினாள். கிடங்குக்குள் காலை வைத்ததும் திரை முழுக்கப் பழுப்பு இறங்கியது. குமரய்யா கொஞ்சமும் கஞ்சத்தனம் பார்க்காமல் போட்டிருந்தார். வியாபாரி ஒரு கை அள்ளினான். அவன் கையில் எல்லாம் ஒரே நிறம்.

"அம்புட்டும் சோடை," என்றான்.

அவள் தன் வத்தலையே சந்தேகமாகப் பார்த்தாள்.

"பொய் சொல்றான்!" என்று கத்தினார் இளம்பரிதி.

கத்திய பிறகுதான், தான் கத்தியது அவருக்கே தெரிந்தது. விளக்கைப் போட்டார்கள். அவர் கண் கலங்கியிருந்தது.

"எழுதினதே நான்தாண்ணே. எனக்கே கோவம் வருது பாருங்க."

 அப்புறம் இளம்பரிதி பேனாவை எடுத்தார். "பேரை எப்படிப் போடணும்? குமரய்யாவா, முதுகுளத்தூர் குமரய்யாவா?"

"முதுகுளத்தூரையும் போட்டுருங்க தம்பி," என்றார் குமரய்யா. 

இயக்குநர் போன பிறகு அவர் துள்ளாத குறையாகக் கணினி முன் உட்கார்ந்தார். களத்துக்குப் போட்ட நிறத்தை அப்படியே எடுத்துவைக்கப் போனார். என்ன பெயரில் சேமிக்க என்று கணினி கேட்டது.

"வாத்தியாரம்மா, இந்தச் சிவப்பு நல்லா அமைஞ்சிருச்சு. அடுத்த படத்துக்கு உதவும். என்ன பேரு வைக்கட்டும்?"

ரஹீமா தட்டிலிருந்த வத்தலைத் துணிப்பையில் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அடுத்த படத்துல வத்தல் இருக்காண்ணே?"